சத்தம் நின்ற குழாய்கள்

"அங்கிள், ஒரு குழாய் எவ்வளவு ஆடினா பயப்படணும்?"

போன மாதம் சிராங்கூன் சாலையில் இளம் பொறியாளர்களான உங்களோடு உட்கார்ந்து வாழை இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உங்களில் ஒரு பெண் இப்படிக் கேட்டார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். கேள்வி நல்ல கேள்வி. அதற்குள் பக்கத்தில் இருந்த தம்பி ஒருவர் முந்திக்கொண்டு ஓர் எண்ணைச் சொன்னார். புத்தகத்தில் இருக்கிற எண்தான், தப்பில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாய் நிறைய மீன் தலைக் கறி இருந்ததால் தம்பி தப்பித்தார்.

அன்று சொல்லாமல் விட்ட பதிலை இப்போது சொல்கிறேன். ஆடுகிற குழாயைப் பார்த்து நான் அவ்வளவாகப் பயந்ததில்லை. நேற்றுவரை ஆடிக்கொண்டிருந்த குழாய் இன்றைக்கு ஆடாமல் நின்றால், அதை யார் நிறுத்தினார்கள், எதை வைத்து நிறுத்தினார்கள் என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. இந்தப் புத்தி எனக்கு வந்தது ஒரு பெண்மணியால். அவருடைய கதைதான் இது. பெயர் போடமாட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு முறை போன் செய்து என்னைத் திட்டுகிறவர் அவர். பெயரைப் போட்டால் அது வாரம் ஒரு முறை ஆகிவிடும்.

ஜூரோங் தீவில் ஒரு ரசாயன ஆலை. நான் அங்கே குழாய்களைச் சோதிக்கும் பொறியாளராகப் போய்ச் சேர்ந்தபோது அவர் உற்பத்திப் பிரிவின் தலைவர். என் வயதுதான். தமிழ் ஆட்கள் எல்லாரும் அவரை அக்கா என்றார்கள். சீனர்களும் மலாய்க்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக் கடைசிவரை 'மிஸ் அக்கா' என்றே அழைத்துவிட்டுப் போனார். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், வயது ஒன்றாக இருந்தாலும். அவர் என்னைச் சுந்தரம் என்பார். கோபமாகவோ கண்டிப்பாகவோ இருந்தால் மிஸ்டர் சுந்தரம்.

அந்த ஆலையின் நடுவில் ஒரு பெரிய கம்ப்ரசர். வாயுவை அழுத்தி அனுப்புகிற இயந்திரம். அதிலிருந்து புறப்படும் குழாய் ஓர் ஆள் கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்காத பருமன். கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் அந்தக் குழாயும் சேர்ந்து நடுங்கும். நடுக்கம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, கை வைத்தால் தெரியும். அந்தப் பெரிய குழாயின் முதுகிலும் விலாவிலும் கட்டைவிரல் பருமனில் நிறையக் குட்டிக் குழாய்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று தண்ணீரை வடிக்க, ஒன்று அழுத்தம் பார்க்க, ஒன்று சாம்பிள் எடுக்க. ஒவ்வொரு குட்டிக் குழாயின் நுனியிலும் கனமான ஒரு வால்வு. பெரியவர் லேசாக நடுங்கினால் குட்டிகள் தலையை ஆட்டி ஆட்டிப் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியில் மோதும். கடகடவென்று ஒரு சத்தம், நாள் முழுக்க.

நாம் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியும். மேல்மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தாலே நகர மன்றத்துக்கு எழுதுகிறவர்கள். புக்கிட் மேராவில் என் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்துக்காகக் கீழ்வீட்டுக்காரர் மூன்று மொழிகளில் என்னிடம் முறையிட்டிருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆலை கடகடவென்று கத்திக்கொண்டிருந்தால் விடுவோமா? ஆலையைச் சுற்றிப் பார்க்க வருகிற மேலிடத்து ஆட்கள் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்தார்கள். "இது என்ன சத்தம்?" என்று கேட்டார்கள். "இது ஏன் இப்படி ஆடுகிறது?" என்று யாரும் கேட்கவில்லை.

சத்தத்தை நிறுத்தியது அக்கா. நான் சேர்வதற்கு முன்பே நடந்தது அது. குட்டிக் குழாய்களின் நுனியில் இருக்கும் வால்வுகளைப் பக்கத்திலுள்ள இரும்புத் தூண்களோடு சேர்த்துக் கிளாம்ப் என்கிற இரும்புப் பிடி போட்டுக் கட்டச் சொன்னார். கட்டியதும் வால்வுகள் சமர்த்தாக நின்றன. வால்வில் கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். ஆட்டம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆலையில் ஆண்டுதோறும் நடக்கும் மேம்பாட்டுப் போட்டியில் அதற்குத்தான் முதல் பரிசு. அக்காவும் அவருடைய குழுவும் கையில் ஒரு கிளாம்ப்பைப் பிடித்தபடி சிரிக்கும் படம், சட்டம் போட்டு உணவுக்கூடத்தில் மாட்டப்பட்டது. நான் முதல்நாள் கோப்பி குடிக்கப் போனபோதே அந்தப் படத்தைக் காட்டித்தான் ஆலையை எனக்கு அறிமுகப்படுத்தினார்கள்.

அறிமுகப்படுத்தியவர் ரஹீம் பாய். நாகூர் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்து ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை போட்ட குடும்பம். இவர் கடையில் உட்காராமல் ஆலைக்கு வந்துவிட்டார். மூத்த ஆபரேட்டர். ஒவ்வொரு ஷிப்டிலும் அந்தப் பெரிய குழாயின் ஓரத்தில், நடைபாதையை ஒட்டிய குட்டிக் குழாயில் வால்வைத் திறந்து சாம்பிள் பிடிப்பது அவருடைய வேலை. "முன்னாடியெல்லாம் அங்க நின்னா மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும் சுந்தரம். அக்கா புண்ணியத்துல இப்ப நிம்மதியா நிக்கறேன்" என்றார். அந்த வருட நோன்புப் பெருநாளுக்கு அக்கா வீட்டுக்கு ஓர் அண்டா பிரியாணி போனதாகக் கேள்வி.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரம். பாதிப் பேர் விடுப்புக்குக் காத்திருந்தார்கள். பட்டப்பகலில், வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, அந்தக் குட்டிக் குழாய்களில் ஒன்று, தண்ணீர் வடிக்கும் குழாய், பெரிய குழாயோடு ஒட்டிய இடத்தில் முறிந்தது. எரியக்கூடிய வாயு சீறிக்கொண்டு வெளியே வந்தது. எச்சரிக்கை மணி அடித்ததுமே கட்டுப்பாட்டு அறையில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டார்கள். காற்று நல்ல பக்கமாக அடித்தது. பக்கத்தில் யாரும் இல்லை. யாருக்கும் கீறல்கூட இல்லை.

வாயு முழுக்க வெளியேறி, இடம் பத்திரம் என்று உறுதியானதும் முறிந்த துண்டு என் மேசைக்கு வந்தது. அது வருவதற்கு முன்பே காரணமும் வந்துவிட்டது. மோசமான வெல்டிங்! கடந்த பராமரிப்பு நிறுத்தத்தில் அந்த இடத்தை வெல்டிங் செய்தவர் முருகேசன், புதுக்கோட்டைக்காரர், ஒப்பந்தக்காரரின் ஆள். பெயர் கிடைத்துவிட்டது, ஆளும் கிடைத்துவிட்டார், பிறகு என்ன? அவர் தலையில் கட்டிவிட்டால் மற்றவர்கள் கைகழுவிக்கொண்டு சாயங்காலத்துக்குள் ஆலையை ஓட்டிவிடலாம். எங்கள் வாயுவை நம்பிப் பக்கத்து ஆலை காத்திருந்தது. ஒப்பந்தக்காரர் அதற்குள் முருகேசனை ஊருக்கு அனுப்புவது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

முருகேசன் என் பட்டறை வாசலில் வந்து நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நல்லாத்தான் சார் வெல்டிங் பண்ணேன்" என்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

நான் துண்டை எடுத்துப் பார்த்தேன். உடைந்த முகம் முக்கால்வாசி வழவழப்பாக இருந்தது. அலை பின்வாங்கும்போது மணலில் விட்டுப்போகிற கோடுகள் போல மெல்லிய வரிகள். விரிசல் கொஞ்சம் ஓடி, நின்று, மறுபடி கொஞ்சம் ஓடியதன் தடம் அவை. ஓர் ஓரம் மட்டும் கரடுமுரடாக இருந்தது. அன்று காலை ஒரே இழுப்பில் கிழிந்த பகுதி அவ்வளவுதான், மீதியெல்லாம் பல மாதங்களாக மெல்ல மெல்ல அறுபட்டிருந்தது. வெல்டிங்கில் குறை என்றால் விரிசல் ஆரம்பித்த இடத்தில் ஒரு பொத்தலோ கசடோ அகப்பட வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், ஒன்றும் இல்லை. போதாததற்கு, விரிசல் எதிரெதிராக இரண்டு பக்கங்களிலிருந்து தொடங்கியிருந்தது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அந்த மாதிரி.

இவ்வளவும் தெரிந்தபிறகு என் பார்வை எங்கே போயிருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். ஆனால் வாயைத் திறக்கத் தயங்கினேன். பரிசு வாங்கிய படம் உணவுக்கூடத்தில் தொங்குகிறது. நான் நேற்று வந்தவன். என்ன சொல்லலாம், எப்படி ஆரம்பிக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அக்காவே பட்டறைக்குள் வந்துவிட்டார். துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெல்டிங்கா?"

"வெல்டிங்ல தப்பு இருக்கற மாதிரி தெரியல அக்கா. மடங்கி மடங்கி ஒடிஞ்சிருக்கு."

"எந்தப் பக்கமா மடங்கியிருக்கு?"

"மேலயும் கீழயும்."

அவர் துண்டை மேசையில் வைத்தார். "வாங்க, போய்ப் பார்க்கலாம்" என்றார்.

கம்ப்ரசர் நின்றிருந்ததால் அந்த இடமே கோயில் நடை சாத்தியது போல இருந்தது. முறிந்த இடத்தை அவர் பார்க்கவில்லை. குனிந்து பெரிய குழாய் உட்கார்ந்திருக்கும் தாங்கியைப் பார்த்தார். அங்கே பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. குழாய் அந்தத் தாங்கியின் மேல் ஓயாமல் அசைந்திருக்கிறது. பிறகு தூணைப் பார்த்தார். தூணில் பெயிண்ட் புதுசாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. பிறகு இரண்டுக்கும் நடுவே, ஒரு முனை பெரிய குழாயோடும் மறுமுனை கிளாம்ப்பால் தூணோடும் கட்டப்பட்டிருந்த பக்கத்துக் குட்டிக் குழாயைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சுந்தரம், ஒருத்தன் கைய தூணோட கட்டி வச்சிட்டு, அவன் உடம்ப மட்டும் பிடிச்சு ஆட்டிக்கிட்டே இருந்தா அவனுக்கு எங்க வலிக்கும்?"

"தோள்பட்டையில."

"கையில ஒண்ணும் ஆட்டம் தெரியாது. என்ன?"

"தெரியாது."

"நாங்க கையிலதான் அளந்தோம்" என்றார்.

கட்டுவதற்கு முன் குட்டிகள் பெரியவரோடு சேர்ந்து தாமும் ஆடின. மோதின, கத்தின, ஓரளவு தப்பித்தன. நல்லதென்று சொல்லமாட்டேன். ஆனால் கட்டிய பிறகு தலை அசையவில்லை, அடி மட்டும் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் மடங்கியது. சத்தம் நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா முழங்காலை ஊன்றி எழுந்து, ஸ்பேனர் கொண்டுவரச் சொல்லி, முறிந்த குழாயின் வால்வைப் பிடித்திருந்த கிளாம்ப்பைத் தன் கையாலேயே கழற்றினார். கழற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாங்கள் திரும்புவதற்குள், ஆலையை எப்போது ஓட்டுவது என்ற கூட்டம் ஆரம்பித்துவிட்டிருந்தது. ஆலை மேலாளர் தங்கமான மனிதர். அவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். பேசியதெல்லாம் ஆங்கிலத்தில், நான் நம் மொழியில் சொல்கிறேன். ஒரு வெல்டிங் கெட்டுப்போனது, யாருக்கும் அடி இல்லை, மறுபடி வெல்டிங் செய்து, சோதித்து, இருட்டுவதற்குள் ஓட்டலாம் என்று அவர் முடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா உள்ளே வந்து, உட்காராமல், மேசை நடுவில் கிளாம்ப்பை வைத்தார். கையெல்லாம் கிரீஸ்.

"வெல்டிங் இல்லை. இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இதைக் கட்டச் சொன்னது நான்."

ஒருவர் மேசையிலிருந்த காகிதங்களைக் கிரீஸ் படாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நிச்சயமாகத் தெரியுமா?" என்று மேலாளர் கேட்டார்.

"தெரியாது. அதனால்தான் ஓட்டக்கூடாது என்கிறேன். வெல்டிங் தப்பு என்றால் கெட்டது ஓர் இடம். கிளாம்ப் தப்பு என்றால் நான் கட்டிய இடமெல்லாம் இதே நிலையில் இருக்கும். இரண்டில் எது என்று தெரியாமல் எப்படி ஓட்டுவது?"

தம்பி, தங்கைகளே, இதை இன்னொரு முறை படியுங்கள். நெருக்கடி நேரத்தில் ஒரு காரணத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால், இது பொய்யாக இருந்தால் வேறு எங்கெல்லாம் ஆபத்து காத்திருக்கும் என்று அவர் கேட்டார். வேலையில் இதைவிடப் பெரிய கேள்வியை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். யாரும் அக்காவைக் குற்றம் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் அவரைக் காப்பாற்ற வரிந்துகட்டினார்கள். இத்தனை நாள் மற்ற கிளாம்ப்புகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்றார் ஒருவர். பரிசுக்கு முன்னால் தலைமையகமே பார்த்து ஒப்புக்கொண்டதுதானே என்றார் இன்னொருவர். இப்போதைக்கு வெல்டிங் என்று எழுதிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் மற்றதையெல்லாம் சாவகாசமாகப் பார்க்கலாம், உங்கள் பெயர் வெளியே வராது என்று மேலாளரே மெதுவாகச் சொன்னார். அவ்வளவு மரியாதை அவர்மேல். ஆபரேட்டர்கள் சார்பாக வந்திருந்த ரஹீம் பாய் தமிழிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, அதக் கழட்டாதீங்க லா. மறுபடியும் கத்த ஆரம்பிச்சிடும். அது உங்களால கெடச்ச நிம்மதி."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "பாய், அந்தக் குழாய்ங்க பக்கத்துல தினமும் நிக்கறது யாரு?"

"நான்தான்."

"அப்ப கழட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

மேலாளர் பெருமூச்சு விட்டார். பக்கத்து ஆலைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்ல எழுந்து போனார். அன்றைக்கு ஆலை ஓடவில்லை. தீபாவளி விடுப்புகள் காற்றில் போயின. எனக்குப் புல்லரித்தது என்று எழுதினால் இந்த வயதில் வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மை.

கிளாம்ப்புகளை எல்லாம் கழற்றி, அடிப்பகுதியில் பெயிண்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளை மாவு தெளித்தோம். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் கசிந்து வெள்ளையில் சிவப்புக் கோடாகத் தெரியும். நீங்கள் படித்திருப்பீர்கள். முதலில் பார்த்தவையெல்லாம் வெள்ளையாகவே இருந்தன. பின்னால் நின்ற ஒருவர் "அக்கா அவசரப்பட்டுட்டாங்களோ" என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். பிறகு ஒன்றில் மயிரிழையாக ஒரு கோடு. இன்னொன்றில் அதைவிட நீளமாக. நடைபாதையை ஒட்டிய சாம்பிள் குழாயில் மாவைத் தெளித்தோம். காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. குழாயின் அடியைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்டது போலக் கோடு வந்தது, ஒரு சின்ன இடைவெளி மட்டும் விட்டு. அந்த இடைவெளிதான் அத்தனை நாளும் ரஹீம் பாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

பாய் பக்கத்தில்தான் நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தினமும் தான் நிற்கும் இடத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். "என் மூஞ்சிக்கு நேரா இருக்கே" என்றார், யாரிடமும் இல்லாமல். அக்கா அவர் தோளைத் தொட்டார்.

முருகேசனை மறக்கவில்லை. அந்தச் சாம்பிள் குழாயை வெல்டிங் செய்தது அவரில்லை. பல வருடங்களுக்கு முன் வேறு ஒப்பந்தக்காரரின் ஆள் செய்தது. வேறு கை செய்த வேலையிலும் இதே விரிசல் என்ற பிறகு முருகேசன்மேல் பழி எப்படி நிற்கும்? அவரை ஊருக்கு அனுப்பும் பேச்சை ஒப்பந்தக்காரர் விட்டுவிட்டார். பழுது பார்க்கும் வேலைக்கு ஆள் கேட்டபோது அக்கா பெயர் சொல்லிக் கேட்டார்: "முருகேசனே பண்ணட்டும்." முருகேசன் வந்து முதல் வெல்டிங்கை ஆரம்பிக்கும் முன் முகமூடியை இறக்கியவர் மறுபடி தூக்கி, அக்கா நிற்கிறாரா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. வேலை இன்னும் முடியவில்லை. அக்காவும் அவர் கணவரும் நானும் என் மனைவியும் லிட்டில் இந்தியாவில் சாப்பிடப் போனோம். தெருவெல்லாம் விளக்கு அலங்காரத்தைக் கழற்றாமல் வைத்திருந்தார்கள். வெளிநாட்டு ஊழியர்கள் ஊருக்குப் பேச, பணம் அனுப்ப, சும்மா நிற்க என்று வந்து குவிந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கோ முருகேசனும் இருந்திருப்பார், விமானத்தில் ஏறாமல். எனக்கு அதை நினைத்தே வயிறு நிறைந்தது. அக்காவிடம் கேட்டேன்.

"அவ்வளவு பேர் முன்னாடி சொல்லணும்னு எப்படி அக்கா தோணிச்சு? பயமா இல்லையா?"

"பயந்துட்டேன் லா" என்றார் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே. "பேரு போயிடும்னு கொஞ்சம் பயம், பொய் சொல்லமாட்டேன். ஆனா என் பேரக் காப்பாத்த அந்த ரூம்ல எல்லாரும் ரெடியா இருந்தாங்க பாருங்க, அதப் பார்த்துதான் ரொம்பப் பயந்துட்டேன். நான் சும்மா இருந்தாலே போதும். அவங்களே முடிச்சிருப்பாங்க."

மரியாதை ஒரு மனிதரை இப்படியும் மாட்டிவிடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நீங்கள் எல்லாரும் நல்ல பெயர் எடுக்கப்போகிறவர்கள், அதனால் சொல்கிறேன். உங்கள் யோசனையை உங்களைத் தவிர யாரும் சந்தேகப்படாத ஒரு நாள் வரும். அன்றைக்கு இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்த்த கதையை நீட்டமாட்டேன். தேவையில்லாத குட்டிக் குழாய்களை வெட்டி எடுத்தோம். தேவையானவற்றைக் குட்டையாக்கினோம். தாங்கல் கொடுக்க வேண்டிய இடத்தில் பெரிய குழாயிலிருந்தே கொடுத்தோம், பெரியவர் ஆடினால் குட்டியும் கூடவே ஆடும்படி. ரப்பர் வைக்கலாம், மரக்கட்டை சொருகலாம் என்று ஆளாளுக்கு வந்தார்கள். "நல்லா தோணுதுன்னு இனிமே எதையும் கட்டக்கூடாது. கணக்குப் போட்டு வாங்க" என்று அக்கா விரட்டிவிட்டார். உணவுக்கூடத்துப் படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டவர்களையும் விரட்டினார். படம் அங்கேயே இருந்தது. அடியில் மட்டும் ஒரு வரி ஒட்டச் சொன்னார்: இந்தக் கிளாம்ப்புகள் கழற்றப்பட்டுவிட்டன, ஏன் என்று என்னிடம் கேட்கவும். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒருவர் விடாமல் போய்க் கேட்டார்கள். அவரும் ஒவ்வொருவரிடமும் கை, தூண், தோள்பட்டை என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

மறுபடி ஆலை ஓடிய காலை. கம்ப்ரசரைக் கிளப்பும்போது அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். எல்லாம் சீரான பிறகு உள்ளே போனோம். குட்டிகள் முன்போல மோதவில்லை, ஆனாலும் ஓர் ஓரத்தில் எதுவோ கடகடத்துக்கொண்டுதான் இருந்தது. முதல் சாம்பிள் எடுக்க வேண்டும். ரஹீம் பாய் பாட்டிலோடு வந்து நடைபாதையின் தொடக்கத்தில் நின்றுவிட்டார். முன்பு கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்பவர். இப்போது கால் எழவில்லை. அவரைக் கோழை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

"அக்கா" என்றார், இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தி. "நீங்க ஓகேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போய் நின்னுடறேன்."

அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"நான் சொன்னேன்னு நிக்காதீங்க பாய். நான் சொல்லித்தான் இத்தன நாள் நின்னீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் சுந்தரம், அளங்க. நுனியில இல்ல, அடியில. பாய் பக்கத்துல நின்னு பார்க்கட்டும்."

கருவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். குனிந்து, குட்டிக் குழாய் பெரிய குழாயில் பிறக்கும் இடத்தில் வைத்தேன். பிறகு நுனியில், பிறகு பெரிய குழாயில். மூன்றும் ஒன்றாகவே ஆடின, அடி மடங்கவில்லை. திரையை ரஹீம் பாய்க்குக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார், அடியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அப்புறம்தான் தன் இடத்தில் போய் நின்றார். வால்வைத் திறந்தார். பாட்டில் நிறைந்தது.

திரும்பிப் பார்த்தால் அக்கா நடைபாதையின் தொடக்கத்திலேயே, அசையாமல், பாயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் பாட்டிலை உயர்த்திக் காட்டினார்.

"கத்துது அக்கா!"

"கத்தட்டும்!" என்றார் அக்கா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.